லைவ் தெரிகிறது, பதிவு இருக்கிறதா?

சிசிடிவி வைத்திருக்கும் எந்த மில்லுக்கும் கடைக்கும் போனாலும் முதலாளி முதலில் காட்டுவது லைவ் திரையைத்தான். பதினாறு கட்டம், எல்லாவற்றிலும் ஆள் நடமாட்டம், வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் வரை பளிச்சென்று தெரியும். ஒரு மரியாதைக்கு அதைப் பார்த்துவிட்டு, மவுஸை வாங்கிக்கொண்டு பிளேபேக்குக்குப் போவேன். போன வாரத்தில் ஏதாவது ஒரு நாள், அதிகாலை மூன்று மணி, கேமரா ஒவ்வொன்றாக. அங்கேதான் சமாசாரம் வெளியே வரும். ஒரு கேமராவில் இரண்டு மாதமாகப் பதிவே இல்லை. இன்னொன்றில் பதிவு இருக்கிறது, ஆனால் தேதி 2000 ஜனவரி என்கிறது. மூன்றாவதில் ஆள் உள்ளே வருவது இருக்கிறது, வெளியே போனது இல்லை.

லைவ் படத்தைக் காட்டுவது சின்ன வேலை. பதிவு அப்படியில்லை. கேமரா, கேபிள், சுவிட்ச், கணினி, மென்பொருள், ஹார்ட் டிஸ்க், கரண்ட், கடிகாரம் எல்லாம் ராத்திரி பகல் பார்க்காமல் சேர்ந்து இழுக்கிற தேர் அது. இதில் எது நின்றுபோனாலும் லைவ் திரை காட்டிக்கொடுக்காது. அதனால் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிஸ்டம் வாங்குவதானாலும் பழுது பார்ப்பதானாலும் பிளேபேக்கில் தொடங்கிப் பின்னோக்கித்தான் வருவேன். எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

கணினியில் பதிவு செய்வது நேற்று வந்த பழக்கமில்லை. அனலாக் கேமரா காலத்தில் பிடி878 சிப் வைத்த பிசிஐ கார்டுகளை வாங்கிக் கணினியில் செருகுவோம். நான்கு கேமராவுக்கு ஒரே சிப் என்றால், பால் (PAL) வீடியோ முறையின் விநாடிக்கு 25 பிரேமை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சிப் ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போதெல்லாம் புது சிக்னலோடு ஒத்திசையக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆகவே கேமராவுக்கு ஆறு பிரேம்கூட உருப்படியாக வராது. லினக்ஸில் ஓடும் பதிவு மென்பொருளான சோன்மைண்டர் அந்தக் காலத்துப் பிள்ளைதான். பிலிப் கூம்ப்ஸ் என்பவர் தன் வீட்டு கராஜில் கருவிகள் திருட்டுப்போன எரிச்சலில் எழுதத் தொடங்கியது அது. 2002இல் வெளியிட்டார், இன்றும் உயிரோடு இருக்கிறது.

பிறகு தனியாகவே பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகள் மலிந்தன, கணினி ஓரம் போயிற்று. ஐபி கேமராக்கள் வந்ததும் திரும்பவும் அதற்கு வேலை வந்தது. கேமராவே படத்தைச் சுருக்கி நெட்வொர்க் வழியாக அனுப்பிவிடுகிறது, கார்டே தேவையில்லை. 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஆன்விஃப் என்ற பொது ஏற்பாட்டால், ஒரு கம்பெனி கேமராவை இன்னொரு கம்பெனி ரெக்கார்டர் அடையாளம் கண்டுகொள்கிறது. முழுதாக இல்லை. படம் வரும். ஆனால் கேமராவின் மோஷன் தகவல், ஒலி, பக்கவாட்டில் திருப்புவது போன்றவற்றில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி. ஆன்விஃப் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி நூறு கேமரா வாங்கிவிடாமல், ஒன்றை வாங்கிக் கட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

ஐபி கேமராவைப் பதியக் கணினியா, அதற்கென்றே வரும் என்விஆர் பெட்டியா? நாலு கேமரா வைக்கும் மளிகைக் கடைக்காரரிடம் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வேன். அதில் என் கூலி குறைவு, அது வேறு. கணினி கேட்கும் பராமரிப்பைக் கடையில் யாரும் செய்யப்போவதில்லை. வெவ்வேறு கம்பெனி கேமராக்கள் கலந்து கிடக்கும் இடம், பதிவு மாதக்கணக்கில் நிற்க வேண்டிய இடம், டிஸ்க் போனால் அன்றைக்கே மாற்றியாக வேண்டிய இடம், இவற்றுக்குக் கணினிதான் சரி. பெட்டிக்குள் மதர்போர்டு போனால் அதே கம்பெனிப் பெட்டிக்கு அலைய வேண்டும், பழைய டிஸ்கைப் புதுப் பெட்டி படிக்குமா என்பதும் அதன் இஷ்டம். கணினியில் எது போனாலும் சென்னை ரிச்சி தெருவில் மாற்று கிடைக்கும், டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் வீடியோ கோப்புகள் கோப்புகளாகவே இருக்கும். மென்பொருள் என்றால், விண்டோஸ் தெரிந்த ஆள் இருக்கும் இடத்தில் புளூ ஐரிஸ். லினக்ஸுக்குப் பயப்படாதவர் இருந்தால் சோன்மைண்டரோ ஃப்ரிகேட்டோ.

கணினி என்றதும் பெரிய பிராசஸருக்குப் பணத்தைக் கொட்டுவது வழக்கமான வீண்செலவு. கேமரா ஏற்கெனவே எச்.264 அல்லது எச்.265 ஆகச் சுருக்கி அனுப்புவதை அப்படியே டிஸ்கில் எழுதினால் போதும். மென்பொருள் அதைப் பிரித்து மறுபடி சுருக்கும்படி அமைந்திருந்தால்தான் பிராசஸர் திணறும். புளூ ஐரிஸில் நேராக டிஸ்குக்கு எழுதும் வசதியைத் தேர்ந்தெடுத்து, திரையில் காட்டவும் அசைவு பார்க்கவும் கேமரா கூடவே அனுப்பும் சின்னப் படமான சப்-ஸ்ட்ரீமைக் கொடுத்துவிட்டால், தொண்ணூறு சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கணினி இருபதுக்கு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்டெல் குவிக் சிங்க் உள்ள சாதாரண ஐ5 போதும். மிச்சப் பணம் டிஸ்குக்கும் யுபிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

டிஸ்க் கணக்கை எல்லோரும் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும். பிட்ரேட் 4 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு அரை எம்பி, நாளுக்கு 43.2 ஜிபி. 2 எம்பிபிஎஸ் என்றால் அதில் பாதி, 21.6 ஜிபி. எட்டு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் ஒரு நாளைக்கு 173 ஜிபி ஆகிறது. 4 டிபி டிஸ்கில் 23 நாள் நிற்கும். “ஒரு மாசம் நிக்குமுங்க” என்று வாயால் விற்றுவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதேயில்லை. வேரியபிள் பிட்ரேட் வைத்திருந்தால் இரவில் இன்னொரு வில்லங்கம். வெளிச்சம் குறைந்ததும் படத்தில் புள்ளிகள் கொதிக்கும், அவற்றையும் கேமரா அசைவு என்று எண்ணி பிட்ரேட்டை ஏற்றிக்கொண்டே போகும். பகலில் அளந்து கணக்குப் போட்டவர் ஏமாறுவார்.

எத்தனை நாள் நிற்கும் என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை என்பதை தமிழ்நாடு 2020 ஜூனில் பார்த்தது. சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் உயிரிழந்த பிறகு, விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார். நிலையத்தின் ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது, அவர்கள் அங்கே இருந்த இரவின் காட்சி எதுவும் இல்லை என்று அதில் எழுதினார். பேப்பரில் அதைப் படித்தபோது என் தொழிலில் இருக்கும் யாருக்கும் கை சில்லிட்டிருக்கும். கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, இடமும் இருந்தது. மெனுவில் ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. அன்றும் லைவ் திரை ஒழுங்காகத்தான் ஓடியிருக்கும்.

அந்த டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் தெரியும், ஒலியும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவு 18 மாதம் நிற்க வேண்டும், அப்படிப்பட்ட கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டாவது நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2 எம்பிபிஎஸ் கேமரா ஒன்றுக்கு 18 மாதம் என்றால் ஏறக்குறைய 12 டிபி. பத்து கேமரா என்றால் 120 டிபி. சின்னப் பெட்டியில் அடங்குகிற அளவில்லை. டெண்டர் எழுதுகிறவர்கள் கேமரா எண்ணிக்கையை எழுதும் அதே பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதினால்தான் ஆணைக்கு அர்த்தம்.

எந்த டிஸ்க்? டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்குகள்தான். பதினாறு கேமராவும் ஒரே நேரத்தில் எழுதும்போது டிஸ்கின் தலை ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும். அலுவலகக் கணினிக்கு வாங்கும் டிஸ்க் இந்த ஓட்டத்துக்குச் செய்ததில்லை. எஸ்எம்ஆர் வகையாக இருந்தால் இன்னும் மோசம், நிரம்பிய பிறகு அழித்து எழுதத் தொடங்கும்போது மூச்சடைத்து நிற்கும். புதிதாக இருக்கும்வரை நன்றாக ஓடி, முதல் சுற்று நிரம்பியதும் தொல்லை தொடங்கினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். 4 டிபி போட்டும் விண்டோஸில் 2 டிபிதான் தெரிகிறது என்றால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது, ஜிபிடிக்கு மாற்ற வேண்டும்.

அசைவு வந்தால் மட்டும் பதிவு செய்வது இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி ஒரு கிடங்கை விட்டுவிட எனக்கு மனம் வராது. இன்ஃப்ராரெட் விளக்கு எரியும் கேமராவின் முகத்தில் சிலந்தி வலை கட்டினால் இரவு முழுக்க அதுவே பதிவாகும். மழை விட்ட ராத்திரியில் ஈசல் வந்தால் சொல்லவே வேண்டாம். அந்தத் தொல்லை பொறுக்காமல் யாராவது உணர்திறனைக் குறைத்துவிடுவார்கள், அடுத்த மாதம் மதில் ஏறிக் குதித்தவன் பதிவாகியிருக்க மாட்டான். கேமராவின் ஸ்மார்ட் கோடெக்கை ஏற்றி வைத்திருந்தால் முழுப் பிரேம் பல விநாடிக்கு ஒருமுறைதான் வரும். அசைவுப் பதிவின் முதல் விநாடிகள் சாம்பல் பூசியதுபோல் இருப்பதற்குக் காரணம் அதுதான். விநாடிக்கு ஒரு முழுப் பிரேம் என்று வைத்து, ஸ்மார்ட் கோடெக்கை அணைத்துவிட்டால் சரியாகும். நான் செய்வது இது: சப்-ஸ்ட்ரீமை நாள் முழுக்க விடாமல் பதிவது, மெயின் ஸ்ட்ரீமை அசைவின்போது பதிவது. 512 கேபிபிஎஸ் சப்-ஸ்ட்ரீம் நாளுக்கு ஐந்தரை ஜிபிதான். முகம் தெரியாமல் போகலாம், எத்தனை மணிக்கு எத்தனை பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்பது தப்பாது.

பழுது பார்ப்பதில் எனக்குப் பிடித்த பகுதி பதிவின் இடைவெளிகளைப் படிப்பது. டைம்லைனில் பச்சைக் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். ஒரே ஒரு கேமரா விட்டு விட்டு அறுந்தால் அதன் கேபிள், கனெக்டர், அல்லது கேமரா. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிளை நீளமாக இழுத்திருந்தால், பகலெல்லாம் ஓடும் கேமரா இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கை ஏற்றும் நேரம் பார்த்து விழும். விளக்குக்குக் கூடுதல் கரண்ட் வேண்டும், கேபிள் வழியில் வோல்டேஜ் கரைந்துவிடுகிறது. எல்லாக் கேமராவும் சேர்ந்து ராத்திரியில் அறுந்து காலையில் ஆபீஸ் திறந்த பிறகு தொடங்கினால், விண்டோஸ் அப்டேட் போட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகி, மென்பொருள் யாராவது லாகின் செய்யட்டும் என்று காத்திருந்திருக்கிறது. அதை சர்வீஸாக ஓட விட வேண்டும். கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்படி பயாஸில் வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 41 என்ற எண் வரிசையாக நின்றால் கணினி ஷட் டவுன் ஆகாமல் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறது.

எல்லாக் கேமராவிலும் அங்கங்கே சில விநாடிகள், ஒழுங்கேயில்லாமல் அறுந்தால் டிஸ்கைப் பார்க்க வேண்டும். ஈவென்ட் வியூவரில் 7, 153 எண்கள் இருக்கும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சி5 வரிசையில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் போகத் தயாராகிறது. அன்றே மாற்றிவிடுவது நல்லது. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்கின் மேல் பழி போடாதீர்கள், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

திருப்பூர் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட்டில் இதைப் படித்த விதத்தைச் சொல்கிறேன். பின்னால் இருந்த ஷெட்டின் கேமராக்கள் மட்டும் நாளுக்குச் சில முறை காணாமல் போயின. நேரம் ஒழுங்காக இல்லை. முதலாளி பெரியவர், “தம்பி, கம்ப்யூட்டரையே மாத்திப்போடலாமுங்களா?” என்றார். “கொஞ்சம் பொறுங்கய்யா, லாகைப் பார்த்துட்டுச் சொல்றனுங்க” என்றேன். லாகில் அந்த ஷெட்டின் கேமராக்கள் எல்லாம் ஒரே விநாடியில் விழுந்திருந்தன. திரும்பி வந்தது மட்டும் ஒவ்வொன்றாக, முன்னே பின்னே. முன்பக்கக் கேமராக்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே விநாடியில் விழுந்தால் அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்று விழுந்திருக்கிறது, ஒவ்வொன்றாக வந்தால் ஒவ்வொன்றும் பூட் ஆகி வருகிறது. கணினி யுபிஎஸ்ஸில் இருந்தது. ஷெட்டின் கேமராக்களுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் போஇ சுவிட்ச் சுவரில் நேராகச் செருகப்பட்டு, பெரிய கம்ப்ரஸர் ஓடும் அதே லைனில் இருந்தது. கம்ப்ரஸர் எடுக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் அமிழ, சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனது. சுவிட்சுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தோம், அவ்வளவுதான். கூடவே கணினியின் மூடியைத் திறந்து பார்த்தேன். பனியன் பஞ்சு ஃபேன் இறக்கைகளில் கம்பளிபோல் படிந்திருந்தது. அந்த ஊரில் கணினிக்குத் துணி ஃபில்டர் போடாமல் விடக்கூடாது.

கேமரா இணையவே மாட்டேன் என்றால் முதலில் விஎல்சி பிளேயரில் கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரியைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். விஎல்சியில் வந்து மென்பொருளில் வராவிட்டால் குறை மென்பொருள் அமைப்பில். முகவரிக்குள் எழுதும் கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அதை %40 என்று எழுத வேண்டும், இல்லையென்றால் கணினி அதற்குப் பின்னால் வருவதை முகவரி என்று எடுத்துக்கொள்ளும். படம் வந்து இழுத்துப் பூசியதுபோல் தெரிந்தால் யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றிப் பாருங்கள். சோன்மைண்டரில் புதுக் கேமரா சேர்த்ததும் மற்றவையும் சேர்ந்து விழுந்தால், பகிர்நினைவகம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரெசல்யூஷனை ஏற்றியவர்கள் மறப்பது அதைத்தான்.

கடிகாரத்தை யாரும் கவனிப்பதில்லை. கேமரா தன் நேரத்தைப் படத்தின் மேல் எழுதும், கணினி தன் நேரத்தைக் கோப்பின் பெயரில் எழுதும். நாளுக்கு ஒன்றிரண்டு விநாடி தவறினாலும் ஆறு மாதத்தில் இரண்டுக்கும் நடுவே நிமிடக்கணக்கில் இடைவெளி விழும். சரியாக இரண்டரை மணி நேரம் தள்ளி இருந்தால் கடிகாரம் கெடவில்லை, கேமரா இன்னும் சீன நேரத்திலேயே இருக்கிறது. கேமரா நெட்வொர்க்குக்கு இணையம் கொடுக்கக் கூடாது என்பதால், கணினியையே என்டிபி சர்வராக்கி எல்லாக் கேமராவும் அதனிடம் மணி கேட்கும்படி வைப்பேன். கணினியே தேதி மறக்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும்.

போலீஸோ கோர்ட்டோ கேட்கும்போது இந்தக் கடிகாரம்தான் முதலில் விசாரிக்கப்படும். மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவு. நகலோடு சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள படிவம் கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. புட்டேஜ் எடுத்துக் கொடுக்கும்போதே எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை எடுத்து எழுதி வைத்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம். கணினியில் அது ஒரு கட்டளை. செல்போனால் மானிட்டரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இணையத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க டிவிஆர்களையும் கேமராக்களையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய தளங்களை முடக்கியது. அது உள்ளே நுழைந்தது கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்டுவைத்த கடவுச்சொற்கள் வழியாக. ரூட்டரில் போர்ட் திறந்து விடாமல் விபிஎன் வழியாக முதலாளி வெளியூரிலிருந்து பார்க்கட்டும்.

வேலை முடிந்து கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்வேன். மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ் தீரும்வரை காத்திருந்து, திரும்பப் போட்டுவிட்டு, யாரும் கை வைக்காமல் பதிவு தொடங்குகிறதா என்று டீ குடித்துக்கொண்டு பார்ப்பேன். பிறகு ஆபீஸில் ஒருவரை, பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பெண்ணை, உட்கார வைத்து, நேற்று மத்தியானம் கேட்டைத் தாண்டிய ஒரு வண்டியைத் தேடி எடுத்துப் பென்டிரைவில் ஏற்றச் சொல்வேன். நான் மவுஸைத் தொட மாட்டேன். அந்த நிட்டிங் யூனிட்டில் அப்படிக் கற்றுக்கொண்ட பெண், திங்கட்கிழமை தோறும் கேமராவுக்கு ஒரு இடமாகப் பிளேபேக் போட்டுப் பார்க்கிறார். போன மழைக்காலத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணா, நாலாவது கேமரா சனிக்கிழமை சாயங்காலத்துல இருந்து இல்லைங்ண்ணா, லைவ்ல இப்போ தெரியுது.” பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மின்விசிறிக்கு பிளக் தேடி அந்தக் கேமராவின் அடாப்டரைப் பிடுங்கியிருக்கிறார்கள், திங்கட்கிழமை காலையில் திரும்பச் செருகியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது அந்தக் கேமராவையும் போஇக்கு மாற்றினேன்.